‘கிடைக்கவில்லை’ என்றொரு பெட்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் மேடம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அது கூப்பிட்டவர்களுக்கும் தெரியும். அதனால்தான் டீயை முதலிலேயே கொடுத்துவிட்டார்கள். குடித்துக்கொண்டே கேளுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், குறட்டை மட்டும் விடாதீர்கள்.

திருவள்ளூர் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நம் சுகாதார ஆய்வு அலுவலகம் இருந்த காலத்தில், அங்கே இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். உங்களுக்கு ஏ.சி. இருக்கிறது. எங்களுக்குக் கீழே ஓடுகிற ஜெராக்ஸ் மிஷினின் சூடு இருந்தது. மற்றபடி வேலை அதேதான்: ஸ்கோப்பிங் ரிவ்யூ.

பயிற்சியில் இதற்குப் பெரிய விளக்கம் கொடுத்திருப்பார்கள். என் விளக்கம் சின்னது. ஒரு விஷயத்தைப் பற்றி யார் யார் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள், எங்கே குவிந்து கிடக்கிறது, எங்கே வெறுமையாக இருக்கிறது என்று ஊர் சுற்றிப் பார்த்து வரைபடம் போடுவது. எது சரி, எந்த சிகிச்சை ஒசத்தி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் மாப்பிள்ளை தெருவில் போய் விசாரிக்கிற சித்தப்பாவின் வேலைதான் நம் வேலை. அந்தச் சித்தப்பா தெருமுனை டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து, “விசாரிச்சேன், ஒரு குறையும் இல்ல” என்று சொன்னால் என்ன ஆகும்? நான் அந்தச் சித்தப்பாவாக இருந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

தொழிற்சாலை இரைச்சலால் தொழிலாளர்களின் காது கெடுவதைப் பற்றி ஒரு ரிவ்யூ வந்தது. மாவட்டத்தில் காது பரிசோதனை முகாம் நடத்தப்போகிறார்கள். யாரை முதலில் சேர்ப்பது என்று முடிவெடுக்க எங்கள் வரைபடம் வேண்டும். தேடலைப் போட்டோம். கம்ப்யூட்டர் அள்ளிக் கொட்டியது. எலியின் காது வந்தது, திமிங்கிலத்தின் காது வந்தது, ராணுவ பேண்டு வாசிப்பவர் காது வந்தது. கும்மிடிப்பூண்டியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் நிற்கிற பெண்ணின் காது மட்டும் வரவே இல்லை.

கட்டுரைகளைச் சலிக்க இரண்டு பேர். இருவரும் குறித்து முடிக்கும்வரை ஒருவர் என்ன குறித்தார் என்று இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. ஒருவர் வேண்டும் என்றும் மற்றவர் வேண்டாம் என்றும் குறித்தால், கம்ப்யூட்டரில் அந்த வரி சிவப்பாகும். சிவப்பு வரியை மூன்றாம் ஆள் தீர்த்து வைப்பார்.

முதல் ஆள் நான். இரண்டாம் ஆள் செல்வம். புதுவாயலில் இருந்து வருகிறவன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், வேலையில் புலி. அவனிடம் எனக்கு ஒரே ஒரு எரிச்சல். போன் பேசினால் மாடியே அதிரும்படி கத்துவான். “வராண்டாவுக்குப் போய்யா, கோர்ட்டுல ஜட்ஜுக்கே கேக்குது” என்று பல வருடம் அவனைத் துரத்தியிருக்கிறேன். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு போய்விடுவான்.

மூன்றாம் ஆள் எங்கள் நூலகர். என்னைவிடப் பத்து வயது இளையவர். “என் பேரை எங்கயும் இழுக்காதீங்க” என்று அப்போதே சொல்லியிருக்கிறார். அதனால் பெயர் வேண்டாம். மேசை இழுப்பறையில் எந்த நேரமும் வறுத்த வேர்க்கடலை வைத்திருப்பார். எனக்கு இந்தத் தொழிலில் ஏதாவது புத்தி இருந்தால் அது அந்தக் கடலைத் தோலுக்கு நடுவில் பொறுக்கியது.

வேலை முடிகிற நேரத்தில் ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், மேற்கோள் பட்டியலில், ஒரு நர்சிங் மாணவியின் ஆய்வேடு கண்ணில் பட்டது. தலைப்பிலேயே எல்லாம் இருந்தது: எங்கள் மாவட்டம், உலோகத் தொழிற்கூடம், காண்ட்ராக்ட்டில் வேலை செய்யும் பெண்கள், காது. அச்சில் வரவில்லை, இணையத்திலும் இல்லை. சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. போன் செய்தால், “நேர்ல லெட்டரோட வாங்க, புதன்கிழமைதான் லைப்ரரி மேடம் இருப்பாங்க” என்றார்கள்.

திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தாக வேண்டும். நடுவில் இருந்தது ஒரே ஒரு புதன்கிழமை. அந்தப் புதன்கிழமை நான் ஆடு பார்க்கப் போக வேண்டியிருந்தது.

சிரிக்காதீர்கள். மருமகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனால் ஆடி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி, பொங்கல் வைத்து, கிடா வெட்டுவதாக நான் வேண்டியிருந்தேன். வேன் சொல்லியாகிவிட்டது, சொந்தக்காரர்களை அழைத்தாகிவிட்டது, கிடா மட்டும் பாக்கி. அம்மனிடம் வாய் கொடுத்தால் தப்ப முடியாது. ரிவ்யூவிடம் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். ஆய்வேட்டின் பெயருக்கு எதிரே ‘முழுக்கட்டுரை கிடைக்கவில்லை’ என்று தட்டிவிட்டேன்.

வரி சிவப்பானது. செல்வம் ‘நேரில் போய் எடுக்க வேண்டும்’ என்று குறித்திருந்தான்.

செய்யவே கூடாததை அப்போது செய்தேன். இரண்டு டீயை எடுத்துக்கொண்டு அவன் மேசைக்குப் போனேன்.

“செல்வம், அந்த ஆய்வேடு ஒண்ணுக்காக இன்னாத்துக்குய்யா பேஜாரு? ஸ்டூடண்ட்டு எழுதனது. அதுல பெருசா இன்னா இருக்கப்போவுது?”

“இல்லக்கா, மேப்புல காண்ட்ராக்ட்டு பொம்பளைங்க கட்டத்துல வேற ஒண்ணியும் இல்ல. இது ஒண்ணுதான் கீது.”

“திங்கக்கிழமைக்குள்ள யாரு போறது? உனக்கு மத்த டேபிள் எல்லாம் பாக்கி கெடக்குது.”

அவன் டீயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “நீங்க சொன்னா சரிக்கா” என்று தன் குறிப்பை மாற்றினான். சிவப்பு போய்விட்டது. எங்கள் இருவருக்கும் அவ்வளவு ஒற்றுமை என்று அறிக்கையில் பெருமையாக ஒரு வாக்கியம் வேறு எழுதினேன்.

எத்தனை கட்டுரை வந்தது, எத்தனை கழிந்தது, ஏன் கழிந்தது என்று பெட்டி பெட்டியாகப் படம் போடுவோம் அல்லவா, அதை நூலகர் பார்த்தார். ‘கிடைக்கவில்லை’ பெட்டியில் விரலை வைத்தார்.

“கிடைக்கலையா, போகலையா?”

“கிடைக்கல” என்றேன். கண் சிமிட்டாமல் சொன்னேன்.

ஒரு கடலையை உடைத்துக்கொண்டே, “சரி. படத்துக்குக் கீழ உங்க பேருதான் இருக்கு” என்றார். அதோடு விட்டார்.

வேண்டுதல் ஜோராக நடந்தது. வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றும்போது அந்தப் பெட்டி ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மனசாட்சி உறுத்தியது, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னால் அது இரண்டாவது பொய். கறிக்குழம்பு பிரமாதமாக இருந்தது.

பதினைந்து நாள் கழித்து, அறிக்கையின் மேல் முடிவெடுக்கக் கலெக்டர் ஆபீஸ் மாடியில் கூட்டம். எதிரே டீக்கடையில் நானும் செல்வமும் நின்றுகொண்டிருந்தோம். அவனுக்குப் போன் வந்தது. வழக்கம்போல் ஊரைக் கூட்டினான்.

“இன்னா? நான் டிவள்ளூர்ல கீறேன்! டிவள்ளூர்ல! மீட்டிங்கு! நீ ஷிப்ட்டுக்குப் போ!”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. “ஏன்யா இப்டி கத்தற? போனே இல்லாம பேசனாலும் புதுவாயலுக்குக் கேக்கும்” என்றேன்.

“கத்துனாதாங்க்கா எஸ்தருக்குக் கேக்குது” என்றான். எஸ்தர் அவன் மனைவி. இரண்டு மூன்று விசேஷத்தில் பார்த்திருக்கிறேன். “பிரஸ் ஷாப்புல காண்ட்ராக்ட்டு. எட்டு வருசமா அந்த மிஷின்கிட்டதான் நின்னுகினு கீறா. ஊட்ல டிவி வைக்கறதே ரோட்டுக்குக் கேக்குது.”

என் கையில் டீ ஆறிப்போனது. “இத்தினி வருசமா ஏன்யா சொல்லல?”

“நீங்க கேக்கலியேக்கா.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். எந்த வரியை நான் டீ வாங்கிக் கொடுத்து மாற்ற வைத்தேனோ, அந்த வரியில் நின்றது இவன் மனைவி. அதைச் சொல்லாமலே அவன் சரியாகக் குறித்தான். அதைக் கேட்காமலே நான் மாற்ற வைத்தேன்.

மேலே போனோம். வரைபடத்தைத் திரையில் போட்டோம். நிரந்தரத் தொழிலாளரான ஆண்களின் கட்டம் புள்ளி புள்ளியாக நிறைந்திருந்தது. காண்ட்ராக்ட் பெண்களின் கட்டம் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

தலைமை வகித்த அதிகாரி நல்ல மனிதர்தான். “இது காலியா இருக்கே மேடம். அப்ப அங்க பிரச்சினை இல்லன்னு எடுத்துக்கலாமா?” என்றார்.

தொழிற்கூடங்களின் சார்பில் வந்திருந்தவர் உடனே, “அதான் சார். ஆதாரம் இல்லாத எடத்துல எதுக்கு மிஷின் லைனை நிறுத்திக்கினு? மொதல்ல பெர்மனென்ட் ஆளுங்களை முடிச்சிடலாம்” என்றார். பேனாக்கள் எழுத ஆரம்பித்தன. அந்த வாக்கியம் முடிந்தால் எஸ்தருக்கு முகாம் இல்லை.

இந்த இடத்தில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கவனியுங்கள். எனக்கு அப்போது கௌரவமான ஒரு வழி இருந்தது. “காலி என்றால் பிரச்சினை இல்லை என்று பொருளல்ல, ஆய்வு இல்லை என்றுதான் பொருள். மேலும் ஆய்வு தேவை” என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு அறிக்கையிலும் நாம் எழுதுகிற வாக்கியம். நூற்றுக்கு நூறு சரியான வாக்கியம். எல்லோரும் தலையாட்டுவார்கள், குறிப்பில் ஏறும், அதோடு தூங்கும். என் தலையும் தப்பும். அந்தச் சரியான வாக்கியம்தான் அன்றைக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பெரிய பொய்.

எழுந்து நின்றேன். “சார், அந்தக் கட்டம் காலி இல்ல. அதுல வைக்க வேண்டிய ஆய்வேடு ஒண்ணு சென்னையில இருக்குது. கிடைக்கலன்னு நான் எழுதியிருக்கேன். நான் போகல.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப இந்த ரிப்போர்ட்ல வேற என்னென்ன பொய் மேடம் இருக்குது?”

இத்தனை வருட வேலையில் அவ்வளவு வெட்கம் நான் பட்டதில்லை. “எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணு சார். ‘கிடைக்கவில்லை’ன்னு போட்ட எல்லாத்தையும் மறுபடி தேடிட்டு வந்து சொல்றேன். செல்வம் இத்த எடுக்கணும்னுதான் குறிச்சாரு. நான்தான் மாத்த வச்சேன். அதையும் எழுதிக்குங்க” என்றேன்.

பத்து நாள் அவகாசம் கொடுத்தார். கொடுத்த விதம் பாராட்டுகிற விதமாக இல்லை. வெளியே வரும்போது, கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நூலகர் பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார் என்று தயாரானேன்.

“வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சுதா?” என்றார்.

ஆடிக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே வேன் பேசுவதும் ஆடு விசாரிப்பதுமாக ஆபீஸ் போனில் நான் குடித்தனம் நடத்தியது அவர் காதில் விழாமல் இருக்குமா? தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு அந்தக் கேள்வி கேட்டிருக்கிறார். “தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?” என்றேன். “விட்டது என் தப்பு. நீங்களே வந்து சொல்வீங்கன்னு நெனைச்சேன். இனிமே நெனைக்க மாட்டேன், போய்ப் பார்ப்பேன்” என்றார். அதற்குப் பிறகு ‘கிடைக்கவில்லை’ என்று யார் குறித்தாலும், எத்தனை முறை கேட்டோம், யாரைக் கேட்டோம், நேரில் போனோமா என்று பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று விதி போட்டார். உங்கள் படிவத்தில் இருக்கிறதே, நீங்கள் எல்லோரும் சலித்துக்கொள்கிற அந்தக் கூடுதல் கட்டம், அது என் கைங்கரியம்.

அடுத்த புதன்கிழமை கையில் லெட்டரோடு மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கிப் போனேன். நூலகத்து அம்மாள் சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, நீல அட்டை போட்ட ஆய்வேட்டைக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? ஒரு காபி ஆறுகிற நேரம்கூட இல்லை.

உட்கார்ந்து படித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே முடிவு என்று ஒன்றும் இல்லை. அந்த மாணவி பல மாதம் அலைந்திருக்கிறாள். சூப்பர்வைசர் பெண்களை லைனிலிருந்து விடவில்லை. இடைவேளையில் பரிசோதிக்கப் பார்த்தால் சத்தமில்லாத ஓர் அறை இல்லை. வரச் சம்மதித்தவர்களும், பெயர் காண்ட்ராக்டருக்குப் போய்விடும் என்ற பயத்தில் வராமல் நின்றுவிட்டார்கள். ‘சிரமங்கள்’ என்ற தலைப்பில் இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தாள். இதற்கா இத்தனை அவமானப்பட்டோம் என்று திட்டிக்கொண்டே அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன்.

செல்வம்தான் அதைப் படித்துவிட்டுச் சொன்னான்: “அக்கா, இதுதான் மேட்டரே. கட்டம் ஏன் காலியா கீதுன்னு இந்தப் பொண்ணு எழுதி வச்சிக்கீது.”

வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்தோம். ஆய்வு ஒசத்தியா மட்டமா என்று நாம் எடை போடுவதில்லையே, இருப்பதை இருக்கிறபடி வைப்பதுதானே வேலை. அதிகாரி அந்த ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு முகாமின் வடிவமே மாறியது. தொழிற்கூடத்துக்குள் வேண்டாம், புதுவாயலில் ஒரு சர்ச் ஹாலில், லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டியலில் பெயர் கிடையாது, எண் மட்டும். காண்ட்ராக்டருக்கு எந்தத் தாளும் போகாது.

நானும் போயிருந்தேன், எண் எழுதிக் கொடுக்க. இரைச்சல் கூடாது என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். வேர்த்துக் கொட்டியது. பரிசோதகர் புதுப் பெண். காதில் ஹெட்போன் மாட்டி, கருவிப் பெட்டியில் பொத்தானை அழுத்துவார். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும்.

எஸ்தர் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறையும் டக் டக்கென்று கையைத் தூக்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பரிசோதகர் சந்தோஷமாக ‘சரி’ போட்டுக்கொண்டே வந்தார். வாசலில் நின்ற செல்வம் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தான். நான் எஸ்தரின் கண்ணைப் பார்த்தேன். அது பரிசோதகரின் விரலிலேயே இருந்தது.

அந்தக் கட்டத்தில் இன்னொரு பொய் ஏறிக்கொண்டிருந்தது. நடு ஹாலில் கத்திச் சொல்லி அவளை அவமானப்படுத்தவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது. “தண்ணி குடிச்சிட்டு வரட்டும்” என்று சொல்லி அவளை வெளியே அழைத்துப்போனேன். காதருகே குனிந்து கேட்டேன்: “வெரலைப் பாத்துத்தானே கைய தூக்கற?”

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். “கேக்கலன்னு சொன்னா நாளைக்கு வேல கீதா எனக்கு? நீங்க ஆபீஸ்ல உங்க சொந்த வேலைக்காகப் பொய் சொன்னீங்கன்னு அவுரு சொன்னாரு. அத்த நான் இங்க சொன்னா மட்டும் தப்பா அக்கா?”

உரக்கத்தான் சொன்னாள், அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். கையிலிருந்த பதிவேட்டை விரித்து அவளிடமே கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எண்கள் மட்டும்தான் இருந்தன. “உன் இஷ்டம்மா. எப்டி எழுதச் சொல்றியோ அப்டியே எழுதறேன்” என்றேன். மெய்யாகத்தான் சொன்னேன், அவளுக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உள்ளே போனாள். நாற்காலியைத் தானே தூக்கி, பரிசோதகருக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதலில் இரண்டு மூன்று முறை கை உயர்ந்தது. பிறகு மடியில் இறங்கியது. இறங்கியது இறங்கியபடியே இருந்தது. பரிசோதகர் அழுத்தினார், சத்தத்தைக் கூட்டி வைத்து அழுத்தினார், என்னைப் பார்த்தார், மறுபடி அழுத்தினார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எஸ்தர் ஹெட்போனைக் கழற்றினாள். அசையாத மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாம்மா, கரண்ட்டு பூட்ச்சா?”

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்வம் வாசலிலிருந்து, நான் அவனிடம் ஒரு நாளும் கேட்டிராத சின்னக் குரலில், “கரண்ட்டு கீது எஸ்தரு” என்றான்.

“இன்னா?” என்றாள் அவள்.